நிக்கல் தொட்டியில் படித்த வேதியியல்

பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். பிளஸ் டூ வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய மிதப்பு இருந்தது. கிடைத்த வேலையோ பித்தளைக் குழாய்களைக் கழுவுவது. மாஸ்டர் கோலார் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்தே பேசுவார். "ஸ்வல்ப நில்லு தம்பி" என்று, நான் கழுவிய குழாயைத் தண்ணீரில் முக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். விலகித் துளித்துளியாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். காரத் தொட்டியிலிருந்து எடுத்த குழாய் கையுறையில் வழுக்கும். நீர்த்த அமிலத்தில் முக்கியதும் வழுக்கல் போய்ப் பிடி கிடைக்கும். அந்தப் பிடி கைக்குப் புரிய வெகுநாள் ஆனது. அதற்குள் என் விரல் பட்ட இடங்களில் நிக்கல் ஏடு ஏடாக உரிந்துவந்ததைப் பட்டறையே பார்த்துவிட்டது.

பிறகுதான் தொட்டிப் பக்கம் விட்டார். நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம்: 1916-ல் ஆலிவர் வாட்ஸ் சொன்ன கலவைதான் இன்றும் அடிப்படை. கரைசல் பச்சையாக இருக்கும். நிக்கல் அணுவில் 28 புரோட்டான், 28 எலக்ட்ரான். இரண்டு எலக்ட்ரானை இழந்த அயனிதான் அந்தப் பச்சை. குழாயை மைனஸில் மாட்டினால் இழந்த இரண்டும் அயனிக்குத் திரும்பக் கிடைத்து, உலோகமாகிக் குழாய்மேல் படியும்.

தேர்வில் இதை எழுதிய நானே ஒருநாள் வயரை மாற்றி மாட்டிவிட்டேன். பிளஸில் தொங்கிய குழாய் அரித்துச் சொரசொரத்துப் போனது. அதிலிருந்த செம்பும் துத்தநாகமும் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனிகளாகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தன. ஒரு குழாய் போனால் போகட்டும், தொட்டியே கெட்டுவிட்டது. அடுத்துப் பூசிய சரக்கிலெல்லாம் குழிவான இடங்களில் கறுப்பு. மாஸ்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நெளிநெளியான தகடு ஒன்றை மைனஸில் மாட்டி, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இரவு முழுக்க ஓட்டச் சொன்னார். அந்த அளவில் செம்பு முந்திக்கொண்டு படியும். காலையில் தகட்டின் பள்ளமெல்லாம் கறுத்திருந்தது. "புக்ல படிச்ச அயனி இதுதான்டா, பாத்துக்க" என்றார்.

அதற்கப்புறம் கணக்கு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.09 கிராம் நிக்கல் படியும். ஹைட்ரஜன் குமிழியாகக் கொஞ்சம் மின்சாரம் வீணாவதால் நடைமுறையில் சற்றுக் குறையும். நிக்கலின் அணு எடை 58.69 என்பது சராசரி. நூற்றுக்கு 68 அணுக்கள் நிக்கல்-58, 26 நிக்கல்-60, மீதி சில்லறை. நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபடும் இந்த ஐசோடோப்புகளுக்குள் தொட்டி பேதம் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு எலக்ட்ரான்தான் வேண்டும்.

முலாம் பூசும் இன்னொரு உலோகமான குரோமியத்திடம் மட்டும் மாஸ்டருக்குப் பயம் உண்டு. ஆக்சிஜனோடு சேர்ந்து ஆறு எலக்ட்ரான் கணக்கில் நிற்கும்போது அது செம்மஞ்சள், புற்றுநோய் தரக்கூடியது. மூன்று இழந்த அயனி பச்சை, நச்சு வெகு குறைவு. பீன்யா நிலத்தடி நீரில் அந்த ஆறாம் நிலைக் குரோமியம் கலந்திருப்பது ஊரறிந்த சங்கதி. கழிவுநீரை அமிலமாக்கி சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் நிறம் பச்சைக்கு மாறும். சுண்ணாம்பு சேர்த்தால் அடியில் படியும். பச்சையைப் பார்த்ததுமே முடிந்தது என்று நான் சொல்ல, மாஸ்டர் கொஞ்சம் நீரை எடுத்து டைபினைல் கார்பசைடு சில சொட்டு விட்டார். ஊதா வந்தது, அதாவது ஆறாம் நிலை இன்னும் மிச்சம். இப்போது அந்தச் சோதனை என் பொறுப்பு. ஊதா தெரிந்தால், மாஸ்டரே கேட்டாலும் கழிவுநீரை வெளியேற்றும் பம்ப் சுவிட்சைப் போட விடுவதில்லை.