பொண்ணு கூடத்தானே பேசறா!

பொண்ணைப் பெத்தவங்க எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு. பையன் குரல்ல போன் வந்தா நம்ம காது ஒரு முழம் நீளும். பொண்ணு குரல்னா "சரி, படிப்பு விஷயமா இருக்கும்"னு டிவி சத்தத்தைக் கூட்டிடுவோம். நான் புனே வந்து 18 வருஷம் ஆச்சு. எங்க சொசைட்டியில மராட்டி, பஞ்சாபி, தெலுங்கு, யார் வீட்டுக்குப் போனாலும் இதே கணக்குதான்!

இந்தக் கணக்கைக் கலைச்ச ஒரு நாவலைப் பத்திதான் இன்னிக்கு. நான்சி கார்டன் எழுதின 'ஆனி ஆன் மை மைண்ட்'. 1982-ல அமெரிக்காவில் வந்தது. பதினொண்ணாவது படிக்கற என் பொண்ணு படிச்சு முடிச்சுட்டு ஹால்ல போட்டிருந்தா. "பசங்க புக்குதானே"ன்னு எடுத்தவன் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வெச்சேன்.

கதை நியூயார்க்ல நடக்குது. லிசா, ஆனி ரெண்டு பேருக்கும் 17 வயசு. மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல தற்செயலா சந்திக்கறாங்க. லிசா ஒரு தனியார் ஸ்கூல்ல மாணவர் தலைவி, கட்டடக் கலை படிக்கணும்னு ஆசை. ஆனி வசதி குறைஞ்ச வீட்டுப் பொண்ணு, நல்லாப் பாடுவா. நட்பு மெதுவா காதலா மாறுது. அவங்களுக்கே அது புரிய நாளாகுது. விஷயம் லிசாவோட ஸ்கூல்ல தெரிஞ்சதும் விசாரணை வைக்கறாங்க. லிசா தப்பிச்சுடறா. ஆனா ஒரே வீட்ல சேர்ந்து வாழ்ந்த ரெண்டு டீச்சரம்மாக்களுக்கு வேலை போயிடுது.

இந்தப் புத்தகத்துக்கும் விசாரணை நடந்தது. 1993-ல கான்சாஸ் சிட்டியில இதைக் கொளுத்தினாங்க. பக்கத்துல ஒலேத்தாங்கிற ஊர்ல பள்ளி நூலகங்கள்லேர்ந்தே எடுத்துட்டாங்க. அங்கே படிச்ச சில பசங்களும் அவங்க பெற்றோரும் வழக்கு போட்டாங்க. 1995-ல கோர்ட் புத்தகத்தைத் திரும்ப அலமாரியில வைக்கச் சொன்னது. வழக்கு போட்டதுல பெற்றோரும் இருந்தாங்க பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்சது.

நாவல்ல என்னை நிறுத்தினது காதல் காட்சி இல்லைங்க. லிசாவோட அம்மா கேட்கற ஒரு கேள்வி. அம்மா கத்தலை, அடிக்கலை. அன்பாத்தான் கேட்கறாங்க. ஆனா "இல்லைம்மா"ங்கிற பதிலை எதிர்பார்த்துக் கேட்கறாங்க. லிசாவும் அதையே சொல்லிடறா. அது பொய். அவ்வளவு நல்ல அம்மாகிட்டயே உண்மையைச் சொல்ல முடியலை அந்தப் பொண்ணால.

மறுநாள் சாப்பிடறப்போ இதைப் பேசினோம். என் பொண்ணு கேட்டா: "லிசா உங்க பொண்ணா இருந்தா நீங்க என்னப்பா கேட்டிருப்பீங்க?"

"முதல்ல சாப்டியான்னு கேட்டிருப்பேன்"னேன். சிரிச்சா. என் மனைவி சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "பயமாத்தான் இருக்கும். ஆனா பயம் என்னோடது, அதை அவ தலையில ஏத்தக் கூடாது"ன்னாங்க. இருபது வருஷமா கூட இருக்கேன், இவ்வளவு தெளிவா இவங்க பேசி நான் கேட்டதில்லை.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்னன்னு தள்ளவும் முடியாது. 2021-ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையிலிருந்து ரெண்டு இளம்பெண்கள், ஒருத்தரையொருத்தர் விரும்பினவங்க, வீட்ல எதிர்ப்புன்னு சென்னைக்கு வந்துட்டாங்க. பெத்தவங்க காணோம்னு போலீஸ்ல புகார் கொடுத்திருந்தாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாப் புரியலைன்னு வெளிப்படையாச் சொல்லி, ஒரு மனநல நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுகிட்டார். அப்புறம்தான் உத்தரவு போட்டார். போலீஸ் தொல்லை கொடுக்கக் கூடாது, 'சரி பண்றேன்'னு வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஒரு ஹைகோர்ட் ஜட்ஜே உட்கார்ந்து கத்துக்கறார்னா, நமக்கு என்ன கௌரவம் குறைஞ்சுடும்?

வெளியூர்ல இருக்கற நமக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ஊர்ல ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மாகிட்ட சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு சித்தியோ, அத்தையோ, மாடி வீட்டு அக்காவோ இருந்தாங்க. இங்கே ரெண்டு பெட்ரூம் பிளாட்ல நாம ரெண்டு பேர்தான். நாமும் காதை மூடிகிட்டா அந்தப் பிள்ளைக்குப் போக வேற கதவே கிடையாது.

உங்க பொண்ணுக்கு இப்படி இருக்கும்னு நான் சொல்லலை. என் பொண்ணுக்கு இருக்கான்னும் நான் கேட்கலை. கேட்கறது என் வேலையும் இல்லை. ஆனா அவளா ஒரு நாள் எதையாவது சொல்ல வந்தா, "இல்லை"ங்கிற பதிலை என் முகத்துல அவ முன்கூட்டியே படிச்சுடக் கூடாது. அதுக்கு மட்டும் முகத்தைப் பழக்கிட்டு இருக்கேன்.

உங்க வீட்ல எப்படி? சொல்லுங்களேன்.