இரண்டு முடிச்சு, மூன்று பாஷை

கம்பளம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விலை கேட்பதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பட்டுப் புடவை எடுக்கும்போது முந்தானையின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறீர்களே, அந்த மாதிரிதான். மேலே ரோஜாவும் மானும் மாதுளையும் கண்ணைப் பறிக்கலாம். அசல் சமாசாரம் அடியில் இருக்கிறது. அங்கேதான் முடிச்சுகள் தெரியும்.

ஈரான் தேசத்துக் கம்பளங்களில் முக்கியமாக இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று, பக்கத்துப் பக்கத்துப் பாவு இழைகள் இரண்டையும் சமமாகச் சுற்றிக்கொண்டு நடுவில் தலை நீட்டும். அதற்குத் 'துருக்கி முடிச்சு' என்று பெயர். மற்றொன்று, ஓர் இழையைச் சுற்றிக்கொண்டு அடுத்த இழையின் அடியில் நழுவி வெளியே வந்துவிடும். அது 'பாரசீக முடிச்சு'.

"பாரசீகத்தில் பாரசீக முடிச்சு இருப்பது சரி. துருக்கிக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஈரான் என்றதும் அங்கே எல்லாரும் பாரசீகமே பேசுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜனங்களில் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே அது தாய்மொழி என்று மதிப்பிடுகிறார்கள். மற்றவர்களில் மிகப் பெரிய கூட்டத்தார் துருக்கி இனத்து பாஷை பேசும் அஜேரிகள், அடுத்தவர்கள் குர்துகள். இன்னும் பலூச்சிகள், அரபுகள், துருக்மேனியர் என்று பலர் இருக்கிறார்கள்.

வாருங்கள், ஈரானின் வடமேற்கு மூலையிலுள்ள தப்ரீஸ் நகரில் புறப்பட்டு, தெற்கே ஸனந்தஜ் வரையில் ஒரு பிரயாணம் போய் வரலாம். வழி நெடுக மலை. வழி நெடுகத் தேநீர். கற்கண்டு மாதிரி ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் வழியாகத் தேநீரை உறிஞ்சிக் குடிக்கத் தெரிந்திருந்தால் போதும்!

பஜாரில் கேட்கும் பேச்சு

தப்ரீஸ் பஜாருக்குள் நுழைந்தால் வெளியே வர மனம் இராது. செங்கல்லால் கட்டிய வளைவுக் கூரைகள்; கூரையின் துவாரங்கள் வழியே இறங்கும் வெயில்; வாசனைத் திரவியங்கள், நகைகள், செருப்புகள், கடைசியில் கம்பளங்கள். சீனத்துப் பட்டு மேற்கே போன காலத்திலிருந்து வியாபாரம் நடக்கும் இடம். 2010-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்த 'பஜார்' என்ற சொல்லே பாரசீகம்தான். நாம் போர்த்திக்கொள்ளும் சால்வையும், பாயசத்தில் போடும் பாதாமும் அங்கிருந்து வந்த பெயர்களே. ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள். தப்ரீஸ் கடைக்காரர் வாடிக்கைக்காரரிடம் பேசுவது பாரசீகம் அல்ல, அஜேரி. அவர்களே அதைத் 'துர்க்கி' என்கிறார்கள். நம் வீட்டுக் குருமாவுக்குப் பெயர் கொடுத்தது அந்தத் துருக்கிக் குடும்பம்தான்!

மூன்று பாஷைக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் போதும். பாரசீகத்தில் 'ஆப்'. குர்து பாஷையில் 'ஆவ்'. இரண்டும் அக்கா தங்கை என்பது கேட்ட மாத்திரத்தில் புரிகிறது. அஜேரியில் 'ஸூ'. இது வேறு வீட்டுப் பெண். ஆனால் எத்தனையோ நூற்றாண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பழகியவள்.

வாழ்ந்தது மட்டுமா? ஆண்டதும் உண்டு. 1501-ல் தப்ரீஸில் முடி சூட்டிக்கொண்டு ஸபாவி வம்சத்தை நிறுவிய ஷா இஸ்மாயில் துருக்கியில் கவிதை எழுதினார். 1908-ல் ஷா மன்னர் தெஹ்ரானிலிருந்த பார்லிமெண்டைப் பீரங்கியால் தகர்த்தபோது, மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி அரசியல் சட்டத்துக்காகப் போராடிய நகரம் தப்ரீஸ். ஆகவே அஜேரிகளை ஈரானின் விருந்தாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டைக் கட்டியவர்களில் அவர்களும் உண்டு.

வடக்கே ஓடும் அரஸ் நதிக்கு அக்கரையிலும் அவர்கள் இருக்கிறார்கள். 1828-ல் ருஷ்யாவிடம் தோற்ற ஈரான் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, அந்த நதி எல்லையாகிவிட்டது. அக்கரையில் எழுத்து முதலில் லத்தீன் ஆயிற்று. 1939-ல் ருஷ்ய எழுத்தாயிற்று. 1991-க்குப் பிறகு மறுபடியும் லத்தீன். இக்கரையில் என்றும் அரபு எழுத்துதான். அக்கரைச் சித்தி பேசினால் புரியும். கடிதம் போட்டால் வாசிக்க ஆள் தேட வேண்டும்!

அம்மாவுக்குப் புரியாத கவிதை

தப்ரீஸில் கவிஞர்களுக்கென்றே ஒரு சமாதி மண்டபம் உண்டு. நூற்றாண்டுகளாகப் பல கவிஞர்களைப் புதைத்த இடம். அங்கே கடைசியாக வந்து சேர்ந்த பெரியவர் ஷஹ்ரியார். 1988-ல் காலமானார்.

பாரசீகக் கஜல்களால் தேசம் முழுவதும் புகழ் பெற்றவர் அவர். அவரைப் பற்றித் தப்ரீஸ் வீடுகளில் சொல்லும் கதை ஒன்று உண்டு. "உலகமெல்லாம் உன்னைப் புகழ்கிறதாமே! நீ எழுதுவது எனக்குப் புரியவில்லையே, அப்பா" என்று தாயார் குறைப்பட்டுக்கொண்டாராம். மகன் வெட்கிப் போனார். தம் கிராமத்தருகே உள்ள ஹைதர் பாபா என்ற மலையைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பது போல, அம்மாவின் பாஷையில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். 1954-ல் அது வெளிவந்தது. எழுத்து வாசனை இல்லாத கிழவிகளும் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். ஷஹ்ரியார் மறைந்த தினமான செப்டம்பர் 18-ஐத்தான் ஈரான் அரசாங்கம் பாரசீகக் கவிதைத் திருநாளாகக் கொண்டாடுகிறது. அஜேரித் தாயின் மகன், பாரசீகத்துக்குச் செல்லப் பிள்ளை!

பள்ளிக்கூட வாசலில்

தாயாருக்குப் புரியவில்லை என்றால் மகன் வேறு கவிதை எழுதலாம். குழந்தைக்குப் பாடம் புரியவில்லை என்றால் என்ன செய்வது?

1925-ல் பட்டத்துக்கு வந்த ரேஸா ஷா, ஒரே தேசம் என்றால் ஒரே பாஷைதான் என்று தீர்மானித்தார். பள்ளியில் பாரசீகம் தவிர வேறு பாஷை கூடாது என்றாயிற்று. வீட்டில் 'ஸூ' கேட்டுக் குடித்த ஆறு வயதுக் குழந்தை, வகுப்பில் 'ஆப்' என்று சொன்னால்தான் அறிவாளி!

இந்தக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவர் ஸமத் பெஹ்ரங்கி என்ற இளம் வாத்தியார். தப்ரீஸில் பிறந்தவர். அஜேரி கிராமங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தெஹ்ரானில் அச்சான புத்தகம் இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, அதை எதிர்த்து எழுதினார். கிராமத்து நாடோடிக் கதைகளைச் சேகரித்தார். ஆனால் அவற்றையும் பாரசீகத்தில்தான் பிரசுரிக்க முடிந்தது. ஓடையை விட்டுக் கடலைத் தேடிப் போகும் சின்னக் கறுப்பு மீனைப் பற்றி அவர் எழுதிய கதை பல தேசத்துக் குழந்தைகளும் படித்தது. ஆசிரியரோ முப்பது வயது நிறையுமுன் அரஸ் நதியில் மூழ்கி மாண்டார்.

நடுவில் ஒரே ஓர் ஆண்டு நிலைமை மாறியதுண்டு. 1945 கடைசியில், சோவியத் படைகள் வடக்கே இருந்த சமயம், தப்ரீஸில் தன்னாட்சி சர்க்கார் ஒன்று ஏற்பட்டது. பள்ளிகளில் அஜேரி வந்தது. தப்ரீஸின் சர்வகலாசாலையும் அப்போதுதான் பிறந்தது. சோவியத் படை போனதும் 1946 டிசம்பரில் ஈரான் படை வந்தது. அஜேரிப் பாடப் புத்தகங்கள் தெருவில் குவிந்து எரிந்தன.

தெஹ்ரானின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 'பாஷைக்கு இடம் கொடுத்தால், அந்நியன் அதைப் பிடித்துக்கொண்டு தேசத்தைக் கிழிப்பான்' என்ற எண்ணம் அந்த ஓராண்டில் ஆழமாக வேர் விட்டது. ஆனால் பயம் ஒரு பக்கம் என்றால் பரிகாசம் ஒரு பக்கம். 2006-ல் ஒரு தினசரியின் குழந்தைகள் பகுதியில், கரப்பான்பூச்சி அஜேரிச் சொல்லில் பதில் பேசுவது போல ஒரு வேடிக்கைச் சித்திரம் வெளியாயிற்று. தப்ரீஸ் கொதித்தெழுந்தது, உயிர்களும் போயின. சித்திரக்காரர் சிறை போனார். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

இப்போதெல்லாம் அஜேரியைத் தொண்டை கிழியக் கேட்க வேண்டுமானால் கால்பந்து மைதானத்துக்குப் போக வேண்டும். 'டிராக்டர்' என்பது தப்ரீஸ் கோஷ்டியின் பெயர். டிராக்டர் தொழிற்சாலையில் பிறந்த கோஷ்டி அது. பள்ளியில் எழுத முடியாததைக் காலரியில் கூவுகிறார்கள்.

நான்கு விளக்குச் சதுக்கம்

தெற்கே புறப்படுவோம். வலப்புறம் தூரத்தில் உருமியா ஏரி. ஒரு காலத்தில் கடல் போல் விரிந்து கிடந்த உப்பு ஏரி. அணைகளும் கிணறுகளும் வறட்சியும் சேர்ந்து, 1990-களுக்குப் பிறகு அதைச் சுருக்கிவிட்டன. பல இடங்களில் தண்ணீர் இருந்த இடத்தில் உப்புப் பாளம்.

ஏரியைத் தாண்டினால் மஹாபாத். இங்கிருந்து குர்துகளின் நாடு ஆரம்பம். குர்துகள் ஈரான், ஈராக், துருக்கி, சிரியா ஆகிய நான்கு தேசங்களிலும் பரவியிருப்பவர்கள். நான்கிலும் சிறுபான்மையினர். 1946 ஜனவரி 22-ல் இவ்வூரின் 'நான்கு விளக்கு'ச் சதுக்கத்தில் காஸி முகம்மது என்பவர் குர்துக் குடியரசைப் பிரகடனம் செய்தார். குர்து பாஷையில் பத்திரிகை வந்தது, பள்ளி நடந்தது. தப்ரீஸ் சர்க்காரோடு இதுவும் அதே டிசம்பரில் கவிழ்ந்தது. 1947 மார்ச் 31-ல் காஸி முகம்மதைத் தூக்கிலிட்டார்கள். எங்கே? அதே சதுக்கத்தில்.

சரித்திரம் விளையாடும் விளையாட்டைப் பாருங்கள். 2024-ல் ஈரானின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெஸெஷ்கியான் இந்த மஹாபாதில் பிறந்தவர். தகப்பனார் அஜேரி, தாயார் குர்து. மூன்று பாஷையும் பேசுகிறவர்!

இரண்டு பெயர் கொண்ட பெண்

மஹாபாதிலிருந்து புக்கான் வழியாக மலைச் சாலையில் போனால் ஸகெஸ் என்ற ஊர். இங்கே ஒரு பெண் பிறந்தாள். சர்க்கார் தஸ்தாவேஜில் அவள் பெயர் பாரசீகத்தில் மஹ்ஸா. வீட்டில் அம்மா கூப்பிட்டது குர்துப் பெயரால்: ஜீனா. 'உயிர்' என்று பொருள். நம் ஊரில் ஜீவா என்று வைக்கிறோமே, ஏறக்குறைய அதுதான். சொற்களும் தூரத்து உறவே. ஒரே பிள்ளைக்கு வாசலுக்கு வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர் என்பது குர்துக் குடும்பங்களில் புதிதல்ல.

2022 செப்டம்பரில், இருபத்திரண்டு வயதான அவள் தெஹ்ரானுக்குப் போயிருந்தாள். தலைமறைப்பு ஒழுங்காக இல்லை என்று காவலர்கள் பிடித்துப் போனார்கள். செப்டம்பர் 16-ல் உயிர் பிரிந்தது. மறுநாள் ஸகெஸில் அடக்கம். அங்கே பெண்கள் தலைத்துணியைக் கழற்றி வீசிக் குர்து பாஷையில் கோஷமிட்டார்கள்: "ஜின், ஜியான், ஆஸாதி!" பெண், வாழ்வு, விடுதலை. சில தினங்களுக்குள் தெஹ்ரானில் அது "ஸன், ஸெந்தெகீ, ஆஸாதி" என்று பாரசீகமாயிற்று. தப்ரீஸிலும் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். பள்ளிக்குள் விடாத பாஷை தேசம் முழுவதற்கும் வார்த்தை கொடுத்தது.

முடிச்சின் ரகசியம்

பிரயாணத்தின் கடைசி ஊர் ஸனந்தஜ். இங்குள்ள சர்வகலாசாலையில் 2015-ல் குர்து இலக்கியத்துக்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. தப்ரீஸில் அஜேரிக்கு அடுத்த ஆண்டு. நல்ல காரியந்தான். ஆனால் அரிச்சுவடி பயிலாத பாஷையில் பி.ஏ. படிப்பது, படிக்கட்டு இல்லாத மாடி மாதிரி அல்லவா?

அந்தப் படிக்கட்டைக் கட்ட முயன்றவர்களில் ஒருவர் ஸாரா மொஹம்மதி. இதே ஊரில் பிள்ளைகளுக்குக் குர்து சொல்லிக் கொடுத்த இளம் பெண். 2019-ல் கைதானார். தேசப் பாதுகாப்புக்கு விரோதம் என்று வழக்கு, ஐந்தாண்டுத் தண்டனை. 2022 ஜனவரியில் சிறை புகுந்து, ஓராண்டுக்குப் பின் விடுதலையானார்.

வேடிக்கை என்னவென்றால், 1979-ல் எழுதிய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, பாரசீகத்தை ஆட்சி மொழி என்று சொல்லிவிட்டு, அதனுடன் மற்ற பாஷைகளின் இலக்கியத்தையும் பள்ளியில் போதிக்கலாம் என்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் மசோதாவை 2025 பிப்ரவரியில் ஈரான் பார்லிமெண்டு நிராகரித்தது. அந்த அஜேரித் தாயும் குர்துத் தாயும் பாரசீகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாபிஸின் கவிதை அவர்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் தங்கள் தாலாட்டுக்கும் ஓர் இடம் கேட்கிறார்கள்.

சரி, முடிச்சுக்கு வருவோம். ஸனந்தஜின் பழைய பெயர் ஸென்னே. பாரசீக முடிச்சுக்குக் கம்பள வியாபாரிகள் வைத்திருக்கும் மறுபெயர் என்ன தெரியுமா? 'ஸென்னே முடிச்சு'! ஆனால் ஸென்னே ஊர்க் கம்பளத்தைத் திருப்பிப் பார்த்தால், அங்கே இருப்பது துருக்கி முடிச்சு! குர்து ஊரின் பெயர் பாரசீக முடிச்சுக்கு. குர்துப் பெண்ணின் விரல் போடுவதோ துருக்கி முடிச்சு. மூன்று பேரும் எப்படிப் பின்னிப் போயிருக்கிறார்கள், பாருங்கள்!

கடைக்காரர் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். தறியின் முன் உட்கார்ந்தவள், தன் தாய் கற்றுக் கொடுத்த முடிச்சைத்தான் போடுகிறாள். அதனால் கம்பளம் பிரிந்து போய்விடவில்லை. அந்த முடிச்சுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.