சாலை எங்கே போகிறது?

ஆங்கிலத்தில் சாலைகள் ஓடுகின்றன. வேலிகள் வயல்களைச் சுற்றி ஓடுகின்றன. மலைத்தொடர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன. மின்கம்பிகளும் சுவர்களும் ஓடுகின்றன. 'ரன்' என்ற ஒரே வினை இத்தனையையும் சுமக்கிறது. ஓடாத ஒன்றை ஓடுவதாகச் சொல்லும் இந்த வழக்கை மொழியியலார் கற்பித நகர்வு என்ற பொருளில் விவாதிக்கிறார்கள். லியனார்டு டால்மி 1996இல் எழுதிய நீண்ட கட்டுரையும், 2000இல் இரு தொகுதிகளாக வந்த அவருடைய நூலும் இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுபவை. அவருக்குச் சற்று முன்பே ரொனால்டு லாங்கேக்கர் இதைப் பேசியிருக்கிறார்.

குமாரபாளையத்தில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் அக்கறை வரக் காரணம் மொழிபெயர்ப்பு வகுப்பு. ஆற்றையொட்டிச் சாலை 'ரன்' ஆகும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் வகுப்பில் பாதிப்பேர் 'சாலை ஆற்றோரமாக ஓடுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் இவர்களில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. 'ரோடு ஆத்தோரமாவே போகுதுங்க' என்பதுதான் இவ்வூர்ப் பேச்சு. 'ஓடுகிறது' என்பதற்கும் 'போகிறது' என்பதற்கும் இடையே என்ன வேறுபாடு? அதை எண்ணிப் பார்த்தால் தமிழ் இந்தக் கற்பித நகர்வை மிக நுட்பமாகப் பகுத்து வைத்திருப்பது தெரிகிறது.

முதலில் 'ஓடு'. அசையாப் பொருளுக்குத் தமிழன் இந்த வினையைத் தருவதே இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. கிணற்றுக்குள் அரசமரத்து வேர் ஓடியிருக்கிறது. துண்டின் ஓரத்தில் சிவப்பு இழை ஓடியிருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒன்று உண்மையிலேயே ஒரு காலத்தில் நகர்ந்திருக்கிறது. வேர் வளர்ந்து நீண்டது, விரிசல் பரவியது, நூல் தறியில் ஓடியது. நாம் பார்ப்பது அந்த ஓட்டத்தின் தடத்தை. அதனால்தான் 'ஓடியிருக்கிறது' என்று முடிந்த செயலாகச் சொல்ல இயல்கிறது. நெசவூரில் இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பாவு ஆயத்தம் செய்வதைப் 'பாவோடுதல்' என்பர். நூலைக் கையில் கொண்டு மனிதர் மேலும் கீழுமாக நடந்து செய்த வேலை அது. ஓயாமல் இங்குமங்கும் அலைவதற்கும் அச்சொல்லே வழங்கியது.

'போ' வேறு வகை. எங்கள் வட்டாரத்து வயல்களுக்கு நீர் தருவது மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால். நீர் நிறுத்தப்பட்டு வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும், 'வாய்க்கால் இந்தப் பக்கமாகப் போகிறது' என்று கைகாட்டிச் சொல்லலாம். 'வாய்க்கால் ஓடுகிறது' என்றால் தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். காய்ந்த வாய்க்காலைப் பார்த்து அப்படிச் சொன்னால் கேட்பவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். 'போகிறது' என்பதற்கு நீர் தேவையில்லை, அதன் வழியே நடக்கும் ஒரு கண் போதும். சாலை போவதும் அவ்வாறே. திருச்செங்கோட்டு மலைச்சாலை அடிவாரத்தில் நிற்பவருக்கு ஏறுகிறது, உச்சியில் நிற்பவருக்கு இறங்குகிறது. தார் ஒன்றுதான், சரிவும் ஒன்றுதான். பார்ப்பவர் நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

மூன்றாவது 'வா'. 'நேராகப் போனீங்கன்னா ஒரு பாலம் வரும், அதைத் தாண்டினா பவானி' என்று இங்கே வழி சொல்வார்கள். பேருந்தில் நடத்துநர் 'சங்ககிரி வந்துருச்சு, எறங்குங்க' என்பார். பாலமும் வராது, சங்ககிரியும் வராது, வருபவர் நாம். ஆயினும் பயணியை அசையாதவராக வைத்து, ஊரையே அவரிடம் வரவழைப்பது நம் அன்றாடப் பேச்சு.

இது புதிய பேச்சு அன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் இதற்கென்றே ஒரு நூற்பா செய்திருக்கிறார். வரும் இயல்பு இல்லாதவற்றை வருவனவாகச் சொல்வதும், பேசும் இயல்பு இல்லாதவற்றைப் பேசுவனவாகச் சொல்வதும் அவ்வப்பொருளின் தன்மையைக் குறிப்பால் உணர்த்தும் கூற்றுகள் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. ஒரு வழி இங்கே வந்து கிடக்கிறது. ஒரு மலை வந்து இன்னொன்றோடு பொருந்துகிறது. விளைந்த நெல் தன்னை அவல் ஆக்கச் சொல்கிறது. பயிர் மழை கேட்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும், கேட்பன போலவும் சொல்வன போலவும் இயங்குவன போலவும் அஃறிணைப் பொருள்களைக் கூறலாம் என்று பொதுவியலில் இடம் தருகிறார். அவர் பிறந்த சனகை என்னும் ஊரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று கொள்வாரும் உண்டு. அது சரியானால் காவிரியின் அக்கரையில், நமக்கு வெகு தொலைவில்லாத ஊர் அது.

இவர்கள் இதை அணியிலக்கணத்தில் வைக்காமல் சொல்லிலக்கணத்தில் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கவிஞரின் கற்பனை அழகாக மட்டும் இதை அவர்கள் கருதியிருந்தால் வேறிடத்தில் பேசியிருக்கலாம். மக்கள் எல்லோரும் பேசும் முறையாக இதைக் கண்டதால்தான் இங்கே இடம் கொடுத்தார்கள் என்று நாம் எண்ணுகிறோம். அண்மைக்கால ஆய்வும் இதற்கு அணுக்கமாகவே வருகிறது. டீனி மாட்லாக் 2004இல் வெளியிட்ட சோதனைகளில், ஒருவர் நிலப்பரப்பொன்றை மெதுவாகக் கடந்த கதையைப் படித்தவர்கள், அதன்பின் 'சாலை அதைக் கடந்து செல்கிறது' என்பது போன்ற வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். விரைவாகக் கடந்த கதையைப் படித்தவர்களுக்கு நேரம் குறைந்தது. சாலை அசைவதில்லை, ஆனால் படிப்பவர் மனம் அதன்மேல் நடந்துவிடுகிறது. மொழிக்கு மொழி இந்த நடைக்கு வரம்பும் மாறும். மனிதர் நடந்துசெல்ல முடியாத வேலி, கம்பி போன்றவற்றுக்கு ஜப்பானிய மொழி நகர்வு வினைகளை ஆங்கிலம் அளவுக்குத் தாராளமாகத் தருவதில்லை என்று யோ மாட்சுமோட்டோ 1996இல் காட்டினார். தமிழில் கம்பி 'போகும்'. 'ஓடும்' என்பது அரிது.

ஆகவே எல்லாவற்றையும் 'ஓடுகிறது' என்று மொழிபெயர்ப்பதால் ஒரு சொல் பிழைபடுவதோடு இழப்பு நின்றுவிடுவதில்லை. தடம் எது, வழி எது, எதிர்ப்படுவது எது என்று நம் மொழி பகுத்து வைத்த மூன்றும் ஒன்றாகக் கலங்கிவிடுகின்றன.

எனினும், இயல்பான தமிழ் என்பதாலேயே 'போகிறது' என்ற வினை குற்றமற்றதாகிவிடாது. கொங்கு வட்டாரத்தில் அதற்கு வேறொரு முகம் உண்டு. கொச்சி பெங்களூர் எரிவாயுக் குழாய்த் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே வகுக்கப்பட்டபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் தமிழக அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லும்படி கெயில் நிறுவனத்திடம் கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பின்னர், 2018இல் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகவும் இவ்வட்டாரத்தில் போராட்டங்கள் நடந்தன. அந்நாள்களில் தேநீர்க்கடைகளில் நாம் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: 'எங்க காட்டுல லைன் போகுதுங்க.'

குழாய் தானாகப் போவதில்லை. ஒருவர் வரைபடத்தில் கோடிடுகிறார், ஒருவர் ஒப்பமிடுகிறார், ஒருவர் குழி தோண்டுகிறார். 'குழாய் செல்லும் நிலங்கள்' என்று எழுதும்போது இம்மூவரும் வாக்கியத்திலிருந்து விலகிக்கொள்கிறார்கள். மலை வந்து பொருந்தியது போலக் குழாயும் தன் இயல்பால் வந்து சேர்ந்ததாகிவிடுகிறது. மலைக்கு எழுவாய் தேட வேண்டியதில்லை. குழாய்க்குத் தேட வேண்டும். நிலத்தை இழக்கும் விவசாயியும் அதே வினையைத்தான் பேசுகிறார் என்பது நம்மை வருத்துகிறது. யாரை நோக்கிக் கேட்பது என்று தெரியாதபோது, கேள்விக்கு இடந்தராத அந்த வினை அவர் வாயிலும் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது அந்த நூற்பாவை நாம் வகுப்பில் தனியே நடத்துவதில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சியோடும் நாளிதழில் வரும் நில எடுப்பு அறிவிப்போடும் சேர்த்தே நடத்துகிறோம். சாலை, வாய்க்கால், குழாய், கம்பி ஆகிய நான்குக்கும் மாணவர்கள் இரண்டிரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒன்றில் அது தானே போகலாம். மற்றொன்றில் அதைக் கொண்டுபோகிறவர் எழுவாயாக நிற்க வேண்டும். முதல் வாக்கியத்தை எல்லோரும் நொடியில் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதற்குப் பேனாவைக் கீழே வைத்து யோசிக்கிறார்கள். சிலர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து மறுநாள் எழுதுகிறார்கள்.