சீட்டுப் பணமும் பியட் சக்கரமும்

எங்கள் பெரியவனுக்குத் தாத்தாவின் பழைய பிரிமியர் பத்மினி மேல் உயிர். (வீட்டில் பியட் என்றுதான் சொல்வோம்.) பழைய கார் பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டை போகணுமாம். 1990-ல் அந்தத் தடம் வருமுன் பந்தயம் சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. மாமனார் பொம்மிடியில் ரயிலேறிப் போய்ப் பார்ப்பார்.

"மாற்றுக்கு நாலு அலாய் சக்கரம் வேணும்மா!"

கையில் இருந்தது சின்னவள் காலேஜுக்கு வைத்த சீட்டுப் பணம். "பழைய இரும்புச் சக்கரம் பார்ப்போம், நானும் வர்றேன்" என்று சென்னை புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன்.

ஒரு கடையில் பெயின்ட் பளபளத்தது. பானை வாங்கினால் தட்டிப் பார்க்க மாட்டோமா? கொண்டை ஊசியால் சுரண்டினேன். உள்ளே துரு, போல்ட் துளை ஓரத்தில் மயிரிழை விரிசல். இன்னொன்றில் துளையே தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. வேகத்தில் கழன்றால் என் பிள்ளை என்னாவது?

அடுத்த கடையில் பெயின்டே இல்லை. 14 அங்குலம்தானா என்று அளந்து, ஹப்பில் மாட்டிச் சுற்றச் சொன்னேன். ஆடாமல் சுழன்றது. இரண்டு எடுத்தோம். டயர் மட்டும் பழசு வேண்டாம் என்றேன். ஓரத்தில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. முகம் புதிதானாலும் வயசு தெரிந்துவிடும்.

நாலு கேட்டவன் ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். மொரப்பூர் தாண்டியதும்தான் வாய் திறந்தான்: "அந்த விரிசலை எப்படிம்மா பாத்தே?"