முழிச்சிருக்கிற வேலை

லண்டனில செக்யூரிட்டி வேலை பாத்த எங்கட ஆக்களுக்கு 'வேக்கிங் வோச்' எண்டால் விளங்கும். 2017 யூன் 14, கிரென்ஃபெல் கோபுரம் எரிஞ்சு 72 பேர் செத்தாப்பிறகு பெருகின வேலை. எரியக்கூடிய தகடு ஒட்டின கட்டடங்களில, அலாரம் பூட்டுமட்டும் மனிசர்தான் அலாரம்.

நானும் ஒரு வருசம் செய்தனான். கையில ஹோர்ன், டோர்ச், ஒரு கொப்பி. மாடி மாடியா நடந்து மணந்து பாக்கவேணும். புகை கண்டால் ஹோர்னை அமத்தி, கதவுகளைத் தட்டிச் சனத்தை வெளியில எடுக்கவேணும். 'வீட்டுக்குள்ளயே இருங்கோ' எண்டதைக் கேட்டு இருந்து, கிரென்ஃபெல்லில கனபேர் தப்பேலாமல் போச்சுது. (ஷெல்லுக்குக் காது குடுத்து முழிச்சிருந்த ஊர்ப்பழக்கம் எனக்கு உதவினது.)

ஒரு விடியப்புறம் ஐஞ்சாம் மாடிப் பெட்டை பில்லைக் கொண்டந்து காட்டினாள். எங்கட சம்பளம் முழுக்க, வீடு வாங்கின அவையின்ர தலையில. தகடு ஒட்டினவன் ஒரு சதமும் கட்டேல்லை. 2020 டிசம்பரில அரசாங்கம் அலாரம் பூட்ட 3 கோடி பவுண் அறிவிச்சது. பிறகு அங்க அலாரம் வந்தது, என்ர வேலை போனது.

அவளுக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. ஒருநாள் மூண்டு மணிக்குப் படியில கண்ணயர்ந்திட்டன். எழும்பிக் கொப்பியில 'எல்லாம் சரி' எண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கும் எழுதினனான்.