காவ்சாங்: காகிதம் காத்த நகரம்

துர்பானிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். நடுநடுவே, பழத்தை உலர்த்துவதற்காகச் சுவர் முழுக்கத் துளை விட்டுக் கட்டிய செங்கல் வீடுகள். இடப்பக்கம் சிவந்த மடிப்புகளோடு தீமலை கூடவே வந்தது. பச்சை சட்டென்று முடிந்த இடத்தில் ஒரு மண்சுவர் எழுந்து நின்றது. காவ்சாங் வந்துவிட்டது.

பட்டுப்பாதையின் பெரிய நிறுத்தங்களில் ஒன்று இது. கி.மு. முதல் நூற்றாண்டில் சீன ஹான் பேரரசுப் படையின் காவல் முகாமாகத் தொடங்கி, பிறகு தனி அரசாகி, அதன்பின் உய்குர் மன்னர்களின் தலைநகராக விளங்கியது. வெளிமதிலின் சுற்றளவே ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய மதில், சில இடங்களில் இன்றும் 11 மீட்டர் உயரம் நிற்கிறது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமி என்பதால்தான் அது கரையாமல் இருக்கிறது.

மழை விட்டுவைத்ததை மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. மங்கோலியர் காலத்துப் போர்களில் நகரம் பாழானது. பிறகு அக்கம்பக்கத்து உழவர்கள், பழஞ்சுவரின் மண் நல்ல உரம் என்று வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். 1904-இல் இங்கே தோண்ட வந்த ஜெர்மானியர் ஆல்பர்ட் வான் லெ கோக், ஒரு விவசாயி ஐந்து வண்டி மானிக்கேய மத ஏடுகளை ஆற்றில் கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டு நொந்து எழுதியிருக்கிறார். அதே லெ கோக் பக்கத்துப் பெசெக்லிக் குகைகளின் சுவரோவியங்களை அறுத்தெடுத்து பெர்லினுக்கு அனுப்பினார். அவற்றில் மிகப் பெரியவை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்மேற்கு மூலையில் பெரிய பௌத்த மடாலயத்தின் இடிபாடு. சீனத் துறவி யுவான் சுவாங் இங்கேதான் போதித்தார் என்று காட்டுகிறார்கள். இந்தியாவை நோக்கிப் புறப்பட்டவர் 630 வாக்கில் இங்கே வந்தபோது, மன்னர் சூ வென்தாய் நள்ளிரவில் தீப்பந்தங்களோடு காத்திருந்து வரவேற்றார். வந்தவரை மேற்கொண்டு போகவிட மட்டும் மன்னருக்கு மனமில்லை. இங்கேயே தங்கிக் குருவாக இருங்கள் என்று வற்புறுத்த, துறவி உண்ணாமல் அமர்ந்துவிட்டார். அவருடைய மூச்சு தளர்வதைக் கண்டபிறகே மன்னர் இறங்கிவந்தார். ஒரு மாதம் மட்டும் போதிக்கக் கேட்டார். துறவி பீடமேறும்போது, தானே மண்டியிட்டுப் படியாக இருந்தார். வழியிலுள்ள நாடுகளுக்கு 24 கடிதங்கள், தங்கம், பட்டு, குதிரைகள், குளிருக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்து அனுப்பினார். திரும்பும்போது மூன்று ஆண்டுகள் இங்கே தங்குவதாக யுவான் சுவாங் வாக்களித்தார்.

640 வாக்கில் அவர் நம் காஞ்சிபுரத்தில் இருந்தார். அதே 640-இல் தாங் பேரரசின் படை காவ்சாங்கை நெருங்கியது. சூ வென்தாய் இறந்தார், மகன் சரணடைந்தான். யுவான் சுவாங் நாடு திரும்பும்போது, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இங்கே காத்திருக்க ஆள் இல்லை. துறவி தக்லமகான் பாலைவனத்தின் தென்பாதையில் சீனா போய்ச் சேர்ந்தார். இந்த மண் குவியல்களுக்கு நடுவே நின்று அதை நினைக்கும்போது தொண்டை அடைத்தது.

ஆனால் காவ்சாங்கை எனக்கு நெருக்கமாக்கியது அதன் இடுகாடு. நகரத்துக்கு வடக்கே சிறிது தூரத்தில் அஸ்தானா. வெயிலில் சரளைக்கல் மேடுகள். சில கல்லறைகளுக்குள் சரிவுப்பாதையில் இறங்கிப் போக அனுமதிக்கிறார்கள். காகிதம் அரிதாக இருந்த காலத்தில், இறந்தவருக்கு அணிவிக்கும் செருப்பு, தொப்பி, கச்சை ஆகியவற்றைப் பழைய ஆவணங்களை வெட்டித் தைத்துச் செய்தார்கள். 1959 முதல் தோண்டிய அறிஞர்கள் அந்தத் தையலைப் பிரித்து, துண்டுகளை ஒட்டவைத்து, சுமார் 2,000 ஆவணங்களை மீட்டார்கள். கடன் பத்திரம், குத்தகை, வழக்கு, வரிக் கணக்கு. யாரும் வரலாற்றுக்காக எழுதாதவை.

அவற்றில் ஒன்று சந்தையின் எடைவரிக் கணக்கு. விற்றவர், வாங்கியவர் பெரும்பாலும் சமர்கந்துப் பக்கத்துச் சோக்திய வணிகர்கள். தங்கம், வெள்ளி, பட்டுநூல், வாசனைப் பொருட்கள், நவச்சாரம். ஒருமுறை மஞ்சள்! நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் கையில் இருக்கும் நவச்சாரமும், அடுப்படி மஞ்சளும் இந்தப் பாலைவனச் சந்தையில் எடை போடப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 639-இல், நகரம் வீழ்வதற்கு ஓராண்டு முன், சோக்திய மொழியில் எழுதிய விற்பனைப் பத்திரம். விற்றவன் சமர்கந்துக்காரன். வாங்கியவர் ஒரு துறவி. விற்கப்பட்டவள் ஊபாச் என்ற பெண். விலை 120 பாரசீக வெள்ளிக் காசுகள். அவளை அடிக்கலாம், கட்டிவைக்கலாம், அடகு வைக்கலாம், மறுபடி விற்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. பட்டுப்பாதை என்றால் ஒட்டகமும் ஓவியமும் மட்டும் நினைவுக்கு வரும்படி வளர்ந்தோம். மனிதர்களும் சரக்காகப் போன பாதை அது. யுவான் சுவாங் பெயரைச் சொல்லும் பலகை மடாலயத்தின் முன்னே நிற்கிறது. ஊபாச்சுக்கும் இங்கே ஒரு பலகை வைக்க வேண்டும்.

நாளைக் காலை ஜியாவ்ஹே போகிறோம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் மேட்டை மேலிருந்து கீழாகக் குடைந்தே தெருவும் வீடும் அமைத்த நகரம். அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.