இல்லாத ஊருக்கு வழி

பூகோள வகுப்பில் நாம் இந்தியாவின் நதிகளைப் பற்றி வெகு மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். என்ன சிரத்தை என்று மகிழ்ந்து அருகில் போய்ப் பார்த்தால், நோட்டுப் புஸ்தகத்தில் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு தீவு! மூன்று துறைமுகங்கள், 'பேய்க்காடு' என்று ஒரு காடு. ஒரு சமுத்திரத்தில் புறப்பட்டு மலைமீது ஏறி மறு சமுத்திரத்தில் இறங்கும் ஓர் ஆறு. அந்த ஆற்றைக் கண்டதும் நமக்குக் கோபம் பொங்கிவிட்டது. படத்தைக் கிழித்துப் போட்டோம்.

அன்றிரவு சாதம் இறங்கவில்லை. ஸ்டீவன்ஸன் ஞாபகம் வந்து தொலைத்தது. 1881-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில், மழைக்கு அஞ்சி வீட்டில் அடைந்து கிடந்த அவர், மனைவியின் மகனான சிறுவனோடு விளையாட்டாக ஒரு தீவின் படம் வரைந்து வர்ணம் தீட்டினார். படம் முதலில்; அதைப் பார்த்துப் பிறந்ததுதான் 'டிரெஷர் ஐலண்ட்' கதை. பதிப்பாளருக்கு அனுப்பிய அந்தப் படம் காணாமற் போயிற்று. கதையைப் புரட்டிப் புரட்டி மறுபடி ஒன்று தயாரித்தார். அது தம் மனத்துக்குப் பழைய தீவாகவே படவில்லை என்று பிற்பாடு எழுதினார்.

மறுநாள் குப்பைக்கூடையைத் தேடினோம், பெருக்கிக் கொட்டியாகிவிட்டது. பையனைக் கூப்பிட்டு, "வா அப்பா, இன்னொன்று போடலாம்" என்றோம். பயந்துகொண்டே வந்தான்.

கையால் மட்டும் போட்டால் கடற்கரை வழவழவென்று அப்பளம்போல் ஆகிவிடும். ஆகவே ஒரு பிடி அரிசியைக் காகிதத்தில் உதிர்த்து, அது பரவிய விளிம்பையொட்டிப் பென்ஸிலால் கோடு இழுக்கச் சொன்னோம். குடாவும் முனையும் தாமே அமைந்தன. ஊர்ப்பெயர்களை முன்னதாகவே எழுதிவிட வேண்டும். பின்னால் இடம் இராது. மலைக்குக் கூரைபோல் இரண்டு கோடு. வெளிச்சம் வடமேற்கிலிருந்து வருவதாகப் பாவித்து, எதிர்ச்சரிவில் மட்டும் மெல்லிய கோடுகள். மழைக்காற்று மோதும் பக்கத்தில் காடு, மறுபக்கம் வறள்நிலம். மலையாளச் சரிவையும் கோயம்புத்தூர்ச் சீமையையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மை கடைசியில்தான்.

ஆற்றில்தான் தகராறு. பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் வந்து சேருகின்றன. முக்கொம்புக்கு வந்து, நிலம் சமமான பிறகே கொள்ளிடம் பிரிகிறது. இதைச் சொன்னோம்.

"இல்லாத தேசத்திலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓட வேண்டுமா, ஸார்?"

"அங்கேதான் அவசியம். இல்லாவிட்டால் எவன் நம்புவான்?"

யோசித்தான், ஒப்புக்கொண்டான். ஆறு மலையில் பிறந்து ஒழுங்காகக் கடலில் விழுந்தது. பேய்க்காடும் பழைய இடத்துக்கே வந்தது. மை உலர்ந்ததும், "எப்படி, உன் தீவு வந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இது ரொம்ப நன்றாயிருக்கிறது, ஸார். ஆனால் அது வேறே."